வட்டக்கச்சியில் நான்கு திரை: பாவித்த டெல் டி3100 டொக்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எக்செல், பிடிஎஃப், ஓட்டோகேட், மின்னஞ்சல் என்று மேசை வேலை செய்கிறவர்களுக்கு, லப்டொப்பில் ஒரேயொரு எச்டிஎம்ஐ துளைதான் இருக்கிறதென்றால், பாவித்த டெல் டி3100 டொக் ஒன்று நல்ல சாமான். டொக் என்பது லப்டொப்பின் யூஎஸ்பி துளை ஒன்றில் கொழுவினால் பல மொனிட்டர்களுக்கும் மற்றக் கேபிள்களுக்கும் துளை தருகிற பெட்டி. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று சொல்லவில்லை. லப்டொப்பையும் கையில் கொண்டுபோய், கொழுவிப் பார்த்து வாங்க வேண்டும். வீடியோ எடிட் செய்கிறவர்களும் கேம் விளையாடுகிறவர்களும் இதற்குக் காசு கொடுக்க வேண்டாம். ஏன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

நான் கியூ.எஸ்., அதாவது கட்டட வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடுகிற ஆள். லண்டனிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு, கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் வீட்டிலிருந்தபடியே கட்டட வரைபடங்களை அளந்து பிஓகியூ என்ற அளவு விலைப்பட்டியல் தயாரித்துக் கொடுக்கிறேன். அவர்களுக்குக் காலை ஒன்பது மணியென்றால் எங்களுக்குப் பகல் இரண்டரை, அவர்களின் கோடையில் ஒன்றரை. அதனால் காலை முழுக்க அமைதியாக அளவெடுக்கலாம், பின்னேரம்தான் கூட்டங்கள். ஒரு சுவரை அளக்கும்போது தரைத்தள வரைபடம், வெட்டுமுகம், கதவு யன்னல் அட்டவணை மூன்றும் கண்முன்னே இருக்க வேண்டும். அளந்தது எக்செலுக்குப் போக வேண்டும். எதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று பார்க்க என்ஆர்எம்2 என்ற பிரித்தானிய அளவீட்டு விதிநூல் திறந்திருக்க வேண்டும். இங்கத்தைய வேலைகளுக்கு எஸ்எல்எஸ் 573 எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. இதையெல்லாம் பதினைந்து அங்குலத் திரை ஒன்றில் மாற்றி மாற்றித் திறந்தால், வரைபடத்தில் வாசித்த நீளம் எக்செலுக்கு வந்து சேருவதற்குள் மனதிலிருந்து நழுவிவிடும். 3.450 என்பது 3.540 ஆனால் செங்கல் கணக்கு, சாந்துக் கணக்கு, பூச்சுக் கணக்கு எல்லாம் அதோடு சேர்ந்து போகும். ஆகவே பெரிய திரைகள் எனக்குத் தொழில் சாமான். மேசனுக்குத் தூக்குக்குண்டு போல.

என் லப்டொப் சாதாரணமானது. 12ஆம் தலைமுறை இன்டெல் ஐ5, 16 ஜிபி ராம். அந்த ஐ5-1235யூ சிப் ஒரே நேரத்தில் நான்கு திரைகளைத் தாங்கும் என்று இன்டெலே எழுதியிருக்கிறது. ஆனால் சிப்புக்குள் இருக்கும் வசதியை வெளியே கொண்டுவரத் துளை வேண்டும். லப்டொப் செய்கிறவர்கள் விலையைக் குறைக்கும்போது முதலில் கைவைப்பது அங்கேதான். என் லப்டொப்பில் ஒரு எச்டிஎம்ஐயும் ஒரு யூஎஸ்பி-சியும் இருக்கின்றன. அந்த யூஎஸ்பி-சி தரவு மட்டும் கடத்துவது, படம் வராது.

இந்த இடத்தில்தான் ஆட்கள் காசை இழக்கிறார்கள், ஆகவே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். யூஎஸ்பி-சி துளைகள் எல்லாம் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். அதில் படம் வர வேண்டுமென்றால் டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோட் என்ற வசதி உள்ளே இருக்க வேண்டும். துளைக்குப் பக்கத்தில் ‘டி’க்குள் ‘பி’ எழுத்து பொருந்தியது போன்ற சின்ன அடையாளம் இருந்தால் அது டிஸ்பிளேபோர்ட். மின்னல் அடையாளம் இருந்தால் தண்டர்போல்ட், அதிலும் படம் வரும். வெறும் யூஎஸ்பி கவர் அடையாளம் மட்டும் இருந்தாலோ ஒன்றுமே இல்லாவிட்டாலோ நம்ப வேண்டாம். லப்டொப்பின் மொடல் இலக்கத்தை இன்டர்நெட்டில் போட்டு, தயாரித்தவர்களின் விவரப் பக்கத்தில் யூஎஸ்பி-சிக்கு நேரே டிஸ்பிளேபோர்ட் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ‘5 ஜிபிபிஎஸ்’ என்று வேகம் மட்டும் போட்டிருந்தால் அதில் பெரும்பாலும் படம் இல்லை.

என் அத்தான் ஓன்லைனில் ஒரு ஹப் எடுத்தார். யூஎஸ்பி-சியில் கொழுவினால் இரண்டு எச்டிஎம்ஐ கிடைக்கும், ‘எல்லா லப்டொப்புக்கும் பொருந்தும்’ என்று விளம்பரத்தில் இருந்தது. அவருடைய லப்டொப்பின் யூஎஸ்பி-சியும் என்னுடையது போலத் தரவுக்கு மட்டுமானது. மவுஸ் வேலை செய்தது, பென்டிரைவ் வேலை செய்தது, மொனிட்டரில் ‘நோ சிக்னல்’ என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. திருப்பி அனுப்பக் கேட்டதற்கு விற்றவரிடமிருந்து பதிலே இல்லை. கொழும்பில் இருக்கிறவர் யூனிற்றி பிளாசாவுக்கு ஓட்டோ பிடித்துப் போய் மாற்றிக்கொண்டு வருவார். வட்டக்கச்சியிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் போய் ஒரு ஹப்பை யார் மாற்றுவது? எங்கள் பக்கத்துக்காரர் இந்த விஷயத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

அந்த மாதிரி ஹப் எல்லாமே மோசம் என்று சொல்லவரவில்லை. யூஎஸ்பி-சியில் ஆல்ட் மோட் இருந்து, ஹப்பில் எம்எஸ்டி இருந்து, விண்டோஸ் பாவிக்கிறீர்கள் என்றால், அதுதான் மலிவான, நேரான வழி. டிஸ்பிளேபோர்ட் 1.2 இலிருந்து ஒரே கேபிளில் பல திரைகளுக்கான படத்தைத் தனித்தனியாக அனுப்பும் இந்த எம்எஸ்டி வசதி வந்துவிட்டது. முழு எச்டி திரைகள் இரண்டை அது சிரமமில்லாமல் ஓட்டும். தனி டிரைவரும் தேவையில்லை. மக்புக்கில் மட்டும் இது சரிவராது. மக்ஓஎஸ் எம்எஸ்டியை விரிவாக்கத்துக்கு ஏற்றுக்கொள்ளாது, இரண்டு மொனிட்டரிலும் ஒரே படம்தான் தெரியும். எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் என்று விற்கிற சின்னப் பெட்டியும் அப்படித்தான், ஒரே படத்தை இரண்டாகக் காட்டும். கலியாண மண்டபத்தில் இரண்டு பக்கமும் டிவி வைக்க அது நல்லது. வேலைக்கு உதவாது.

ஆல்ட் மோட் இல்லாத என் போன்றவர்களுக்கு இருக்கிற வழி டிஸ்பிளேலிங்க். டி3100 அந்த வகை. இது லப்டொப்பின் படத்துளையை நம்பியே இருப்பதில்லை. கணினியில் போடுகிற டிரைவர் திரையில் வரவேண்டிய படத்தை எடுத்துச் சுருக்கி, சாதாரண யூஎஸ்பி 3.0 வழியாகத் தரவாக அனுப்புகிறது. டொக்குக்குள் இருக்கிற சிப் அதை விரித்து எச்டிஎம்ஐயாக வெளியே தருகிறது. அதனால் பழைய, சதுரமான, உள்ளே நீல நாக்கு இருக்கிற யூஎஸ்பி துளையே போதும். டி3100இல் இரண்டு எச்டிஎம்ஐ, ஒரு டிஸ்பிளேபோர்ட், யூஎஸ்பி துளைகள் ஐந்து, இன்டர்நெட் கேபிளுக்கான கிகாபிட் லான், ஓடியோ எல்லாம் இருக்கின்றன. மூன்று மொனிட்டர் வரை கொழுவலாம். எச்டிஎம்ஐ இரண்டும் முழு எச்டி திரைகளுக்கு. டிஸ்பிளேபோர்ட்டில் அதைவிட நுணுக்கமான 4கே வரும், ஆனால் 30 ஹெர்ட்ஸில்தான், அதாவது நொடிக்கு 30 தடவைதான் படம் புதுப்பிக்கும். அந்த வேகத்தில் மவுஸ் அம்பு இழுபடுவது கண்ணுக்குத் தெரியும். 4கே மொனிட்டர் வைத்திருக்கிறவர்கள் இதைவிடப் புதிய டொக் பார்க்க வேண்டும். டிஎல்-6950 என்ற சிப் போட்ட டொக்குகள் இரண்டு 4கே திரைகளை 60 ஹெர்ட்ஸில் ஓட்டும்.

இனிக் கடை. கிளிநொச்சி ரவுனில், ஏ9 வீதியில், வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட மொனிட்டர்களையும் சிபியூக்களையும் எடுத்து விற்கிற ஒரு சின்னக் கடை. பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்கார அண்ணை கேட்டுக்கொண்டதால் போடவில்லை. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிய காலத்திலிருந்து, புதுச் சாமான் விலை கேட்டுவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இப்படியான கடைகள்தான் கைகொடுக்கின்றன. நான் கொடுத்த விலையையும் எழுதவில்லை, டொலரோடு அது மாறிக்கொண்டே இருக்கும். புது டொக் ஒன்றுக்குக் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்று மட்டும் சொல்லலாம்.

நான் கேட்டது மொனிட்டர். அண்ணை முதலில் கேட்டது, “பிள்ளை, லப்டொப் கொண்டந்தனீங்களோ?”

கொண்டுபோயிருந்தேன். மேசையில் இருந்த கீபோர்ட்டுகளை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, துணியால் தூசு துடைத்து, லப்டொப்பை வாங்கி முதலில் இரண்டு பக்கத் துளைகளையும் டோர்ச் அடித்துப் பார்த்தார். “இந்த சி-யில படம் வராது. எச்டிஎம்ஐ ஒண்டு இருக்கு. எத்தினை மொனிட்டர் வேணும்?” மூன்று என்றேன். உள்ளே போய் டி3100 ஒன்றை அடப்டரோடு எடுத்து வந்தார்.

பின்னால் கேபிள்களைக் கொழுவத் தொடங்கினபோதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. அலுவலகத்திலிருந்து வருகிற பழைய மொனிட்டர்களில் பெரும்பாலும் எச்டிஎம்ஐ இருக்காது. நான் எடுத்த டெல் பி2214எச் இலும் டிஸ்பிளேபோர்ட், டிவிஐ, விஜிஏ மூன்றும்தான். டொக்கில் மிச்சம் இருப்பதோ எச்டிஎம்ஐ. கடையில் நின்ற ஒரு பெடியன் டிஸ்பிளேபோர்ட்–எச்டிஎம்ஐ கேபிள் ஒன்றை எடுத்து, எச்டிஎம்ஐ முனையை டொக்கிலும் மற்ற முனையை மொனிட்டரிலும் செருகினான். திரை கறுப்பு. அண்ணை கேபிளைக் கழற்றி என்னிடம் காட்டி விளங்கப்படுத்தினார். அந்தக் கேபிள் ஒருவழிப் பாதை. டிஸ்பிளேபோர்ட் பக்கத்திலிருந்து எச்டிஎம்ஐ பக்கத்துக்குத்தான் படம் போகும். எச்டிஎம்ஐயிலிருந்து டிஸ்பிளேபோர்ட்டுக்குப் போக வேண்டுமென்றால் இடையில் கரண்ட் எடுத்து மாற்றுகிற தனிக் கருவி வேண்டும், அது விலை. ஆனால் எச்டிஎம்ஐயும் டிவிஐயும் உள்ளுக்குள் ஒரே வகைச் சிக்னல். அதனால் எச்டிஎம்ஐ–டிவிஐ கேபிள் சாதாரணக் கம்பிதான், மலிவு, இரண்டு பக்கமும் போகும். இழுப்பறையிலிருந்து இரண்டு எடுத்துக் கொழுவினார். முழு எச்டி 60 ஹெர்ட்ஸில் எந்தக் குறையும் இல்லாமல் வந்தது. பழைய மொனிட்டர் வாங்குகிறவர்கள் விஜிஏயைக் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துகள் ஓரம் மங்கித் தெரியும், நாள் முழுக்க இலக்கம் பார்க்கிற கண்ணுக்கு அது நல்லதல்ல.

டிரைவர் விடயம் இலகுவாக முடிந்தது. என் போனின் ஹொட்ஸ்பொட்டில் லப்டொப்பைப் போட்டதும் விண்டோஸ் அப்டேட்டே அதை இறக்கத் தொடங்கிவிட்டது. திரைகள் ஒருமுறை கறுத்து, திரும்ப வரும்போது மொனிட்டர்களிலும் வெளிச்சம் வந்தது. தானாக இறங்காவிட்டால் சினாப்டிக்ஸ் நிறுவனத்தின் தளத்தில் எடுக்கலாம், 2020இலிருந்து டிஸ்பிளேலிங்க் அவர்களுடையது. ஓன்லைனில் கண்டபடி டிரைவர் தருகிற வேறு பக்கங்களுக்குப் போகாதீர்கள். விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டு ‘பி’யைத் தட்டி, எக்ஸ்டென்ட் என்பதைத் தெரிவு செய்தால் எல்லாத் திரையும் ஒரே மேசையாக விரியும். டிஸ்பிளே செட்டிங்கில் 1, 2, 3, 4 என்று வருகிற பெட்டிகளை உங்கள் மேசையில் மொனிட்டர்கள் இருக்கிற ஒழுங்கிலேயே இழுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வலப்பக்கம் தள்ளின மவுஸ் இடப்பக்கத்தால் வரும்.

எந்தத் திரையை எதில் கொழுவுவது என்பதுதான் இதில் எல்லாவற்றையும்விட முக்கியம். டிஸ்பிளேலிங்க் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது என்றேன் அல்லவா? அந்தச் சுருக்கும் வேலையைச் செய்வது உங்கள் லப்டொப்பின் சிபியூ. திரையில் ஒன்றும் அசையாமல் இருந்தால் அதற்கு வேலையே இல்லை. எக்செலில் இலக்கம் தட்டினால் அந்தச் சின்ன இடம் மட்டும் மாறும், அதுவும் பெரிய வேலையல்ல. ஆனால் பெரிய வரைபடம் ஒன்றைப் பெருப்பித்து இழுத்து நகர்த்தும்போது முழுத் திரையும் ஒவ்வொரு கணமும் மாறுகிறது. டாஸ்க் மனேஜரைத் திறந்து வைத்துப் பார்த்தால் டிஸ்பிளேலிங்கின் பெயர் பட்டியலில் மேலே ஏறுவது தெரியும், லப்டொப்பின் காத்தாடியும் சத்தம் போடத் தொடங்கும். அதனால் வரைபடம் இருக்கிற 24 அங்குல மொனிட்டரை லப்டொப்பின் சொந்த எச்டிஎம்ஐயில் நேரே கொழுவி நடுவில் வைத்திருக்கிறேன். எக்செல் இருக்கிற வலப்பக்கத் திரையும், என்ஆர்எம்2உம் ஸ்பெசிபிகேஷனும் இருக்கிற இடப்பக்கத் திரையும் டொக்கில். இடப்பக்கத்ததை நெட்டாகத் திருப்பி வைத்திருக்கிறேன். பி2214எச்சின் நிலைக்கால் அதற்கு இடம் கொடுக்கும், செட்டிங்கில் போர்ட்ரெயிட் என்று மாற்றினால் ஏ4 பக்கம் ஒன்று முழுதாக, தாளில் வாசிப்பது போலவே தெரியும். லப்டொப் திரையில் கூட்டமும் மின்னஞ்சலும். இப்படிப் பிரித்து வைத்த பிறகு எந்த இடத்திலும் இழுபாடு இல்லை. மூன்றையும் டொக்கிலேயே போட்டுவிட்டு ‘டொக் மோசம்’ என்று சொல்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்கள் ஒரு கேபிளை இடம் மாற்றினாலே பாதிக் குறை தீரும்.

லப்டொப்பின் எச்டிஎம்ஐ 1.4 என்றால் அதிலும் 4கே 30 ஹெர்ட்ஸ்தான் வரும், 60 வேண்டுமென்றால் 2.0 வேண்டும். முழு எச்டிக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை.

மக்புக் வைத்திருக்கிறவர்களுக்காக ஒரு பந்தி. அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற மச்சாளிடம் எம்1 மக்புக் எயர் இருக்கிறது. எம்1, எம்2 எயர் இரண்டிலும் வெளித்திரை ஒன்றுதான் கொழுவலாம், என்ன ஹப் வாங்கினாலும் அதற்கு மேல் போகாது. எம்3 எயரில் மூடியை மூடி வைத்தால் இரண்டு. எம்4 இலிருந்துதான் மூடி திறந்தபடியே இரண்டு. பழையவை வைத்திருக்கிறவர்களுக்கு டிஸ்பிளேலிங்க் ஒன்றுதான் மேலதிகத் திரைக்கு வழி. டிஸ்பிளேலிங்க் மனேஜரைப் போட்டதும் திரையைப் பதிவு செய்ய அனுமதி கேட்கும். படத்தை எடுத்து அனுப்புவதற்காகத்தான் அது, பயப்படத் தேவையில்லை. ஆனால் அந்த அனுமதி நடைமுறையில் இருக்கும்போது நெட்பிளிக்ஸ் போன்ற காப்புப் போட்ட படங்கள் கறுப்பாகத்தான் தெரியும். படிப்புக்குப் பாவிக்கிறவளுக்கு அது பிரச்சினையில்லை.

டி3100 லப்டொப்பை சாஜ் செய்யாது. யூஎஸ்பி-சி டொக்கில் ஒரே கேபிளில் படமும் கரண்டும் வருகிற வசதி இதில் இல்லை. லப்டொப் சாஜருக்குத் தனிப் பிளக், டொக்கின் அடப்டருக்குத் தனிப் பிளக், மொனிட்டருக்கு ஒவ்வொன்று என்று மேசைக்குக் கீழே கம்பிகள் கூடிவிடும். நல்ல எக்ஸ்டென்ஷன் கோட் ஒன்று எடுத்து, மேசையின் அடியில் ஆணியடித்துக் கட்டிவிடுங்கள். சோளகக் காற்றுக் காலத்தில் செம்மண் தூசு யன்னலால் வந்து நிலத்தில் கிடக்கிற பிளக்குகளுக்குள் எல்லாம் படியும்.

கரண்ட் போவதைப் பற்றியும் எழுத வேண்டும். லப்டொப்புக்குப் பற்றரி இருக்கிறது, டொக்குக்கு இல்லை. கரண்ட் போன கணத்திலேயே டொக்கில் இருந்த திரைகள் அணைந்து, அவற்றில் திறந்திருந்த எல்லாமே லப்டொப் திரைக்கு வந்து ஒன்றன்மேல் ஒன்றாக விழும். லானும் டொக்கில்தான் என்றால் கூட்டமும் அறும். அதனால் சின்ன யூபிஎஸ் ஒன்றில் டொக்கையும் ரவுட்டரையும் நடு மொனிட்டரையும் போட்டிருக்கிறேன். எல்ஈடி மொனிட்டர் ஒன்று இருபது வாட் அளவில்தான் எடுக்கும் என்பதால் யூபிஎஸ் தாங்குகிறது. பக்கத் திரைகள் இரண்டும் அணையும், அணையட்டும். விண்டோஸ் 11 அவை திரும்ப வந்ததும் ஜன்னல்களைப் பழைய இடத்திலேயே வைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கினால் யூபிஎஸ்ஸை நம்பாமல் பிளக்குகளைக் கழற்றிவிடுகிறேன். லான் கேபிளையும் சேர்த்துத்தான். மின்னல் கரண்ட் கம்பியால் மட்டும் வருவதில்லை.

குறை என்று சொல்ல இன்னும் இரண்டு. டொக்கில் இருக்கிற திரையில் முழு அளவில் வீடியோ ஓடவிட்டால் வேகமான காட்சிகளில் படம் கொஞ்சம் கலங்கும். கலியாண வீடியோ வெட்டுகிறவர்கள் நிறம் பார்த்து வேலை செய்கிறவர்கள், அவர்களுக்கு நேரான எச்டிஎம்ஐயோ டிஸ்பிளேபோர்ட்டோதான் வேண்டும். இரண்டாவது, பழைய, இரண்டு கோர் மட்டும் உள்ள சிபியூவில் இது லப்டொப்பையே மெதுவாக்கும். நான்கு கோருக்குக் குறைந்த லப்டொப் என்றால், இந்தக் காசை ராமுக்கோ எஸ்எஸ்டிக்கோ போடுவது நல்லது.

கடையைப் பற்றி ஒரு குறையும் எனக்கு இல்லை. கொண்டுபோன பிறகும் சந்தேகம் கேட்டுப் போன் எடுத்தால் ஆறுதலாகக் கதைக்கிறார். மாற்றித் தருவதற்குக் காலக்கெடு ஒன்றை ரசீதின் பின்பக்கத்தில் கையாலேயே எழுதிக் கையொப்பமும் வைத்துத் தந்தார். பாவித்த சாமான் விற்கிற எல்லாரும் இதைச் செய்தால் எவ்வளவு நல்லது. நீங்களும் எங்கே வாங்கினாலும் கேட்டு எழுதுவியுங்கள். போகும்போது லப்டொப்போடு அதன் சாஜரையும் கொண்டுபோங்கள். டொக்கின் சொந்த அடப்டர் கூடவே வருகிறதா என்று பாருங்கள், அடப்டர் இல்லாத டொக்கை மலிவென்று எடுக்க வேண்டாம். மொனிட்டரை வெள்ளைத் திரையிலும் கறுப்புத் திரையிலும் விட்டுப் புள்ளி, கோடு இருக்கிறதா என்று பாருங்கள். எச்டிஎம்ஐ–டிவிஐ கேபிளை அங்கேயே சேர்த்து வாங்கி, வாங்கின அதே கேபிளால் படம் வருகிறதைப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். ஞாயிறு கடை பூட்டு.